குரல் நிலையத்தின் இரண்டாம் அறை

"ஒரு மனிதன் வாயைத் திறந்து 'ஆ' என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். அவன் எந்தத் தேசம், என்ன தொழில், அவன் பாட்டன் மலையில் வாழ்ந்தானா கடற்கரையில் வாழ்ந்தானா, காலையில் தின்றது இட்லியா கூழா என்பது வரைக்கும் நான் சொல்லிவிடுவேன். இதில் தவறு நேர்ந்தால் அந்தத் தவறு 'ஆ' சொன்னவனுடையதே தவிர, விஞ்ஞானத்தினுடையது அல்ல."

இப்படிச் சொன்னவர் டாக்டர் கைலாசம். சொன்ன இடம் அவருடைய நிலையத்தின் திறப்பு விழா. அதோடு அவர் நிறுத்தவில்லை. ஜப்பான் தேசத்துப் பெண்மணி கீச்சென்று பேசுவாள், ஏனென்றால் அவள் வீட்டுச் சுவர் காகிதம். நார்வேக்காரன் அடிவயிற்றிலிருந்து முழங்குவான், ஏனென்றால் அவனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கடல். இங்கிலீஷ்காரன் மூக்கால் பேசுவான், ஏனென்றால் அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் மூடமுடியாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆனால் ஒருவனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். ஆதாயத்துக்காகக் குரலை மாற்றிப் பேசுகிறவன். அவன் குரல் வேஷக்காரன். நான் லண்டனில் மூன்று வருஷம் இருந்தேன். போகும்போது என்ன குரலோடு போனேனோ அதே குரலோடு திரும்பினேன்" என்றார்.

படிப்பும் போனபடியேதான் திரும்பியது என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தது கைதட்டலில் அமுங்கிவிட்டது.

கைதட்டியவர்களில் நெசவாளர் வீரபாகுவும் ஒருவர். நிலையத்துக்குக் கீழே இருந்த கடைக்கு ஜரிகை வாங்க வந்த இடத்தில், எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினார். அந்தக் கைதட்டலுக்காகப் பிற்பாடு வெகுவாக வருத்தப்பட்டார்.

நிலையத்தின் முழுப் பெயர் அனைத்துலகப் பண்பாட்டுக் குரல் வகைப்பாட்டு ஆராய்ச்சி நிலையம், காஞ்சிபுரம் கிளை. மற்றக் கிளைகள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இடம், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் முனையில் ஒடித்துப் பக்கத்துச் சந்துக்குள் திருப்பி மாட்டியிருந்தார்கள். சந்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 'ஆராய்ச்சி நிலையம்' என்பது மட்டும் தெரியும். அவர்கள் ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்து அம்மை குத்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிலையம் அவர்களை வெறுமனே திருப்பி அனுப்பவில்லை. குழந்தை வீரிட்டு அழுததைப் பதிவு செய்துகொண்டுதான் அனுப்பியது.

இப்படியே போனால் வேலை இல்லை என்று நிலையத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் டாக்டருக்கு வந்தது. அவர் டில்லிக்கு ஓயாமல் எழுதினார். ஒருவன் இன்னான் என்று சொல்ல அவன் குரலைவிடச் சிறந்த அத்தாட்சி எது, காகிதத்தைத் திருத்தலாம், தொண்டையைத் திருத்த முடியுமா என்று கேட்டார். டில்லி யோசித்தது. உள்ளூர் ஆபீசுகள் தங்களிடம் வரும் கூட்டம் குறையுமென்று சந்தோஷப்பட்டன. அடுத்த வருஷம் முதல், தொழிலைக் காட்டி எந்தச் சலுகை கேட்டாலும் குரல் நிலையத்தின் சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவாயிற்று.

தென்னேரியிலிருந்து உர மானியத்துக்காக ஒரு விவசாயி வந்தார். பிறந்ததிலிருந்து ஏரியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. அவரை 'ஸ்விட்சர்லாந்து, மலை இடையர்' என்று வகைப்படுத்தி, உரத்துக்குப் பதில் கறவை மாட்டுக் கடனுக்கு மனுக் கொடுக்கச் சொன்னார்கள். பட்டு பார்க்க வந்த ஒரு ஜெர்மன்காரர் தூசியில் இருமிக்கொண்டே வேடிக்கைக்காக மாடியேறி 'ஆ' என்றார். 'வாலாஜாபாத், அரிசி ஆலை, தவிட்டுப் பிரிவு' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் பாஸ்போர்ட்டைக் காட்டினார். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காகிதத்தில் குரல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஜெர்மன்காரர் சான்றிதழ் அழகாக இருக்கிறதென்று சட்டம் போட எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவர் ஊருக்குப் போய் ஜெர்மன்காரராகவே இருக்கலாம்.

வீரபாகுவுக்கு அப்படியில்லை.

அவருடைய ஒரே மகள் வள்ளி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நெசவாளர் குடும்பத்துப் பெண்ணுக்கென்று ஆபரேட்டர் வேலை ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். அவள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சான்றிதழ் மட்டும் கேட்டார்கள். ஒன்று, அவள் நெசவாளர் வீட்டுப் பெண்தான் என்று. இன்னொன்று, அவள் குரல் டெலிபோனுக்கு ஏற்ற இதமான குரல் என்று. இரண்டையும் கொடுக்க வேண்டியது குரல் நிலையம். பங்குனி உத்திரத்துக்குள் கொண்டுவராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"இன்னா நைனா, நம்ம தெருவுல எந்தத் தறிய கேட்டாலும் சொல்லும் நான் யாரு பொண்ணுன்னு. இதுக்கு ஒரு சர்டிபிகேட்டா?" என்றாள் வள்ளி.

"வாங்கிக்கினு வந்துடலாம் கண்ணு. அரை நாள் வேலை" என்றார் வீரபாகு.

அந்த அரை நாள்தான் அவரை அரித்தது. தறியில் பாதிப் புடவை நின்றது. முகூர்த்தப் புடவை, கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா தனித்தனியாக ஓட வேண்டியிருப்பதால் தறிக் குழிக்குள் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் அது ஓர் அங்குலம் நகராது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறவள் வள்ளி. அவள் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் வீரபாகுவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தரையில் தறியின் மிதிகட்டையைத் தேடி ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் அந்தத் தெருக்காரர்கள் பேசும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தறி ஓடும்போது பலகை டக்கென்று அடிக்கும். அடிக்கும்போது பேசினால் கேட்காது. அதனால் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில், கொஞ்சம் உரக்க, ஒரு வார்த்தையைத் தள்ளிவிடுவார்கள். டக். அடுத்த சந்தில் அடுத்த வார்த்தை. "சோறு—" டக். "ஆயிடுச்சா?" டக். "இன்னும்—" டக். "இல்ல." கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் இப்படியேதான். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, நினைத்துச் செய்வதும் இல்லை. பக்கத்தில் டக் டக் என்று ஏதாவது அடித்தால் வாய் தானாக அதற்கேற்ப நடக்கும். ஒன்றும் அடிக்காத இடத்தில் வள்ளி மாதிரிப் பெண்களுக்குக் குரல் உள்ளேயே பதுங்கிக்கொள்ளும்.

நிலையத்தில் இரண்டு அறைகள். முதல் அறையின் கதவில் 'இனங்காணும் அறை' என்று பலகை. உள்ளே நான்கு சுவரிலும் இலவம்பஞ்சு மெத்தைகளை ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். நின்றுகொண்டு தூங்குகிறவர்கள் யார் என்று வீரபாகுவுக்கு விளங்கவில்லை.

"வெளிச்சத்தம் வராம இருக்கத்தான் மெத்தை. தொடாதீங்க. தாசில்தார் வீட்டுது" என்றார் குமாஸ்தா பரமசிவம். டேப் ரிக்கார்டரைத் துடைப்பதும், முத்திரை குத்துவதும், வருகிறவர்களிடம் 'தொடாதீங்க' சொல்வதும் அவர் வேலை.

அறைக்குள் அப்படியொரு நிசப்தம். தன் காது உள்ளே கொய்யென்று கத்துவது வீரபாகுவுக்குக் கேட்டது. டாக்டர் வேர்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒலிவாங்கியை நீட்டினார்.

"சோறு ஆயிடுச்சா என்று சொல்லுங்கள்."

வள்ளி ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள். ஏதோ அடிக்கட்டும் என்று காத்திருந்தவள் மாதிரி அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் அடிக்கவில்லை. "சோறு ஆயிடுச்சா" என்று பூவை வைப்பது போல் மெதுவாகச் சொன்னாள்.

டாக்டர் கண்ணை மூடினார். திறந்தார். "மயிலாப்பூர். உத்தியோகஸ்தர் குடும்பம். வீட்டில் வீணை உண்டு."

வீரபாகு சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சார், இவ என் பொண்ணு சார்."

"அது உங்கள் கருத்து."

"வூட்டுல வீணை இல்ல சார். தறிதான் இருக்குது."

"வீணை இருப்பது குரலில் தெரிகிறது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் போய்த் தேடவேண்டும்" என்று டாக்டர் எழுந்தார். பரமசிவம் 'நெசவாளர் அல்ல' என்ற முத்திரையைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

இரண்டாம் அறை 'செவ்விய குரல் அறை'. நிலையத்துக்கே ஒரே ஒரு மின்விசிறி. அது இந்த அறையில் இருந்ததால் டாக்டரின் மேஜை, நாற்காலி, டெலிபோன், மத்தியானச் சாப்பாடு எல்லாமே இங்கேதான். கடைக்காரர் கிடங்கில் போட்டிருந்த பழைய விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று ஓர் அடி. டக். டக். டக்.

உள்ளே காலை வைத்ததும் வள்ளியின் முகம் தெளிந்தது. வீரபாகுவின் கால் ஆட்டத்தை நிறுத்தி நிதானமாக மிதிக்கத் தொடங்கியது.

"இங்கே நீங்கள்—" என்றார் டாக்டர். டக். "டெலிபோன் ஆபரேட்டர்." டக். "நம்பர் ப்ளீஸ்— என்று—" டக். "இதமாகச் சொல்லுங்கள்."

"நம்பர்—" என்றாள் வள்ளி, தெருக்கோடிக்குக் கேட்கும்படி. டக். "ப்ளீஸ்!"

டேப் ரிக்கார்டரின் முள் எகிறியது. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அப்பட்டமான— நெசவாளர் குரல்! டெலிபோனுக்கு— உதவவே— உதவாது!"

வீரபாகுவுக்கு அந்த அறையில் ஏனோ படபடப்புக் குறைந்திருந்தது. டாக்டர் சொல்வது தலைகால் புரியாவிட்டாலும், சொல்லும் விதம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டார்.

"அதான் சார்— நானும் சொல்றேன். நெசவாளர் பொண்ணுதான். அத அப்படியே— மொத ரூமு சர்டிபிகேட்டுல எழுதிடுங்க. மொத ரூமுல— மெதுவா பேசுச்சே, அத இந்த ரூமுக்கு எழுதிடுங்க. தீந்து பூடும்."

டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வீரபாகு. அந்த அறையில்— கிடைத்த உண்மை— அந்த அறைக்குச் சொந்தம். இந்த அறையின் உண்மை— இந்த அறைக்கு. உண்மைகளைக் கண்டபடி— கலக்க ஆரம்பித்தால்— அப்புறம் எதற்கு— இரண்டு அறை?"

வீட்டுக்கு வந்ததும் வீரபாகு நடந்ததைச் சொன்னார். அவர் மனைவி தில்லையம்மாள் கையிலிருந்த பாவு நூலைக் கீழே வைத்தாள்.

"இன்னாது, மயிலாப்பூரா? அப்போ நான் இன்னா மயிலாப்பூரு போயி பெத்துக்கினு வந்தேனா? வலி எடுக்குற வரைக்கும் இந்தத் தறியாண்ட உக்காந்து இழை முடிஞ்சவ நானு. எவன்யா அவன்?"

"ஏம்மா கத்துற? டாக்டரும்மா அவரு" என்றாள் வள்ளி.

"பிரசவம் பாத்த டாக்டரா? இல்லல்ல? அப்போ அவனுக்கு இன்னா தெரியும்?"

மேல்முறையீட்டுக்கு வழி இருப்பதாகப் பரமசிவம் சொல்லியிருந்தார். பெற்றவர்களின் குரலை மூலக்குரலாகப் பதிவு செய்து, மகளுடையதோடு ஒப்பிடலாமாம். வீரபாகு போனார். மெத்தை அறையில் ஒலிவாங்கியைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் ஆடியது. டாக்டர் அவசரப்படுத்தினார். அடி விழுகிற சத்தத்துக்காகக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, பொறுமை போய், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து "சோறு!" என்று ஒரே கத்தாகக் கத்தினார். மெத்தை ஒன்று ஆணியோடு கீழே விழுந்தது.

"நார்வே. வடகடல். மீன்பிடிப் படகு" என்றார் டாக்டர், சற்றே மரியாதையோடு.

மறுநாள் தில்லையம்மாளே மாடியேறினாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. "யாருய்யா என் பொண்ண மயிலாப்பூர்ன்னது? உன் மிசினுக்குக் கண்ணு இருக்குதா, மூக்கு இருக்குதா? என் மூஞ்சியப் பாரு, என் பொண்ணு மூஞ்சியப் பாரு!" என்று படியில் ஏறும்போதே தொடங்கியவள், மேல் ஸ்தாயியில் போய், அங்கிருந்து இறங்காமல், டேப் தீர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றும் வரை நிறுத்தவில்லை.

டாக்டருடைய கண்ணில் நீர் துளித்தது. "இத்தாலி. இசை நாடக மேடை. இரண்டாம் தலைமுறை."

அதன் பிறகு நிலைமை இப்படி ஆயிற்று. அப்பா நார்வே, அம்மா இத்தாலி, பெண் மயிலாப்பூர். மூவருக்குள்ளும் உறவு நிரூபிக்கப்படவில்லை. வள்ளியின் மனு நிராகரிக்கப்பட்டது. டாக்டருக்கோ தரையில் கால் பாவவில்லை. ஒரே ரேஷன் கார்டில் இத்தனை தேசம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று பரமசிவத்திடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எல்லா டேப்புகளையும் கட்டி டில்லிக்கு அனுப்பச் சொன்னார். ஜெனீவாவில் உலகக் குரல் மாநாடு வருகிறது. நிலைய இயக்குநர் என்ற முறையில் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று கம்பளிக் கோட்டு ஒன்றும் தைக்கக் கொடுத்தார்.

பங்குனி உத்திரம் நெருங்கியது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் பந்தல்கால் நட்டாயிற்று. முகூர்த்தப் புடவைக்காரர்கள் காலையில் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை வந்து தறியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீரபாகு குழிக்குள் இறங்குவார், இரண்டு இழை ஓட்டுவார், ஏறிவிடுவார். வெளியே போய்ப் பல் குத்துவார். உள்ளே வருவார்.

"ஒரு எடத்துல நில்லுங்களேன். உங்களப் பாத்துக்கினு இருந்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் தில்லையம்மாள்.

"நைனா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் வள்ளி. "மெத்தை ரூமுல டக்குன்னு ஒரு சத்தம் இருந்தா நான் பேசிடுவேன். நீ வெளிய குந்திக்கினு எதையாவது தட்டு."

வீரபாகுவுக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. மறுபரிசீலனை மனு கொடுத்தார்கள். மெத்தை அறைக்கு வெளியே, மெத்தை விழுந்த சுவரையொட்டி இருந்த பெஞ்சில் உட்கார்ந்து குடைக்காம்பால் பலகையில் தட்டத் தொடங்கினார். டக். டக். உள்ளே வள்ளி, "சோறு—" என்று தெருக்குரலில் தொடங்கினாள். டக். "ஆயிடுச்சா?" சுத்தம். பரமசிவம் 'நெசவாளர்' முத்திரையைக் கையில் எடுத்தேவிட்டார்.

ஆனால் வீரபாகுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெகு நாளுக்குப் பிறகு மகள் குரல் அடிக்கு நடுவில் வந்து விழுகிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம்? "இன்னும்—" என்று வெளியிலிருந்து பதில் குரல் கொடுத்தார். டக். "இல்ல கண்ணு!"

கதவு படீரென்று திறந்தது.

"குரல் வேஷம்!" என்றார் டாக்டர். குடையைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு சான்றிதழுக்காக, ஒரு சம்பளத்துக்காக, தன் குரல் அல்லாத குரலில் பேசுவதா? நான் வாழ்நாளெல்லாம் எதை வெறுத்தேனோ அது என் நிலையத்தின் வாசலிலேயே நடக்கிறதா? பசி வந்தாலும் ஒரு மனிதன் இதைச் செய்யலாமா? என் எதிரில் உலகத்தையே கொண்டுவந்து வைத்தாலும் என் குரலில் அரை மாத்திரை மாறுமா? பரமசிவம்! இந்தக் குடும்பத்தில் இனி யார் வாயைத் திறந்தாலும் பதிவு செய்யக்கூடாது!"

வள்ளி அப்பாவுக்கு முன்னால் படியில் இறங்கினாள். தெருமுனை வந்ததும், "வுடு நைனா. நான் கரை நாடாவே தள்றேன். எனக்கு இன்னா கொறைச்சல்" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

உத்திரத்துக்கு முந்தின நாள். வெயில் ஏறுகிற நேரத்தில் வீரபாகு மறுபடி மாடியேறினார். குடையைத் திருப்பிக் கேட்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் அறையில் நின்றார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. விசிறி டக் டக்கென்று அடித்தது. டாக்டர் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணி அடித்தது. டில்லியிலிருந்து டிரங்க் கால். அங்கே இருந்த மேலதிகாரியும் தமிழர்தான். இருவரும் முறைப்படி இங்கிலீஷில் தொடங்கி, லைன் சரியில்லாததால் தமிழுக்கு இறங்கினார்கள். டாக்டர் எழுந்து நின்று கத்தினார்.

"ஹலோ! நான்தான்— கைலாசம்!" டக். "டேப்— வந்ததா?" டக். "அபாரமா? நன்றி— நன்றி! யார்? நெசவாளர் குரலா? அந்தப் பெண்தானே? இல்லையா? அவள்— பரவாயில்லையா? பின்னே யார்?"

சற்று நேரம் காதில் வாங்கிக்கொண்டார்.

"கேள்வி— கேட்கிறவரா? எந்தக்— கேள்வி கேட்கிறவர்?"

விசிறி அடித்தது.

"பின்னணியில்— தறிச் சத்தமா? அது தறி இல்லை சார், அது—" டாக்டர் மேலே பார்த்தார். விசிறி சுற்றியது. "ஆமாம். ஆமாம் சார். தறிதான். பட்டுத் தறிதான். பரம்பரை நெசவாளர்— என்று எல்லா நிபுணரும்— ஒருமுகமாகச் சொல்கிறார்களா? மாதிரி நபராகவா? ஜெனீவாவுக்கா? இயக்குநராக— நான்— என்ன? நீங்களே போகிறீர்களா?" குரல் தொய்ந்தது. "ஒரே ஒரு— டிக்கெட்தான் பாக்கியா? அந்த நெசவாளருக்கு— மட்டும்தானா?"

மூன்று நிமிஷம் முடிந்தது என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து யாரோ சொல்லி இணைப்பைத் துண்டித்தார்கள்.

டாக்டர் டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு போய் விசிறியை நிறுத்தினார். "சோறு ஆயிடுச்சா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சாதாரணமாக இருந்தது. விசிறியைப் போட்டார். அது வேகமெடுத்ததும் மறுபடி சொன்னார். "சோறு—" டக். "ஆயிடுச்சா?"

வீரபாகு பழக்க தோஷத்தில், "இன்னும்—" டக். "இல்ல சார்" என்றார்.

டாக்டர் அவரை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். பரமசிவத்தை டீ வாங்கிவர அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"வீரபாகு, உங்கள் வீட்டுத் தறி— சும்மாத்தான்— இருக்கிறதா?"

"ஆள் இல்லாம— நின்னுக்கினு இருக்குது சார்."

"நானும் யோசித்துப் பார்த்தேன். உங்கள் பெண் விஷயத்தில்— விஞ்ஞானம்— முன்னேறியிருக்கிறது."

விஞ்ஞானம் முன்னேறிய விதம் இது. டீயோடு திரும்பிய பரமசிவத்திடம் திருப்புளி கொடுக்கப்பட்டது. அவர் இரண்டு அறைகளின் கதவுப் பலகைகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். மெத்தை அறை செவ்விய குரல் அறையாயிற்று. விசிறி அறை இனங்காணும் அறையாயிற்று. அந்தந்த அறையில் முதல் முறை பதிவான உண்மை அந்தந்த அறைக்கே சொந்தம் என்பதால், வள்ளி இரண்டிலும் தேறினாள். முத்திரைகள் விழுந்தன. டாக்டர் கூடவே இன்னொரு தாளையும் எடுத்து எதையோ எழுதி, அதற்கும் நெசவாளர் முத்திரையைத் தாமே குத்தி, மடித்துக் கம்பளிக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் யார் பெயர் இருந்தது என்று பரமசிவம் எட்டிப் பார்த்தார். "தொடாதீங்க" என்றார் டாக்டர்.

வள்ளி வேலையில் சேர்ந்துவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் குளுகுளுவென்று நிசப்தம். அவள் 'நம்பர் ப்ளீஸ்' சொன்னால் ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்க வந்த நம்பரையே மறந்துவிடுகிறார்களாம்.

தறியும் ஓடியது. கரை நாடா தள்ள இப்போது ஒருவர் வந்துகொண்டிருந்தார். விடிந்து தெரு நடமாட்டம் தொடங்குவதற்குள் பின்வாசல் வழியாக வருவார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளியின் இடத்தில் உட்காருவார். முன்கதவைச் சாத்தச் சொல்வார். முதல் நாள் நாடாவைத் தள்ளச் சொன்னதற்கு எறிந்துவிட்டார். இப்போது பரவாயில்லை. வாய்தான் இன்னும் கூச்சப்பட்டது. ஜெனீவாவுக்கு விசிறியைத் தூக்கிக்கொண்டா போகமுடியும்? அடி இல்லாத இடத்திலும் அடி விழுவது போலப் பேசியாக வேண்டும்.

அன்றும் டாக்டர் உட்கார்ந்தார். வீரபாகு பலகையை அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சோறு... ஆயிடுச்சா" என்றார் டாக்டர்.

வீரபாகு தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். வேஷம் போடுற மாதிரி இருக்குது."

டாக்டர் சாத்தின கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கி, கழுத்தைச் சாய்த்து, வள்ளி சொல்கிற அதே சாடையில், "சோறு—" என்றார். அடிக்காத அடிக்காக நின்றார். "ஆயிடுச்சா?"

அடுப்படியிலிருந்து தில்லையம்மாள் நிமிராமலே சொன்னாள். "இன்னும்— இல்லப்பா. நாடாவத் தள்ளு."

டாக்டர் நாடாவைத் தள்ளினார்.